ஆ காட்டு சார் அளந்த காற்று

‘மாடிக்கு யாரும் வரக் கூடாது. வந்தே ஆக வேண்டுமென்றால் பேசக் கூடாது. பேசியே ஆக வேண்டுமென்றால் முதலில் என்னிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் பிறகு பேசவும்.’

இது ஒரு தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீல மையில் எழுதி, மாடிப்படிக் கதவில் ஒட்டப்பட்டிருந்த அறிவிப்பு. இப்போது என்னிடம் இருக்கிறது. முன்பக்கத்தில் 2006, புரட்டாசி மாதம் என்று அச்சாகியிருக்கிறது. அறிவிப்பும் அன்றைக்கே எழுதப்பட்டதா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஊருக்கெல்லாம் காலண்டர் அடித்து அனுப்புகிறவர்கள் நாங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் எப்போதும் முந்தாநாள்தான் தொங்கும். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர்களுக்குப் பிழை திருத்துவது என் வேலை. ராகுகாலம் அரை மணி பிசகினால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் இந்தச் சந்தேகத்தை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

எழுதியவர் ஆ காட்டு சார். பயந்து பயந்து மூச்சு விட்டு, அடுத்தவர் விடும் மூச்சுக்கும் பயந்த மனிதர் இந்தியாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். அவருடைய நிஜப் பெயர் வாடகைப் பத்திரத்தில் இருக்கிறது. தெருவில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. நானும் சொல்லப் போவதில்லை.

அப்போது நான் ஆமத்தூரில் வேல்ச்சாமி அண்ணாச்சி வீட்டின் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்தேன். அண்ணாச்சி ஒரு காலத்தில் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றியவர். பிறகு சொந்தமாக ஒரு லாரி வாங்கி, மகனை ஓட்டவிட்டு, சீசனில் வடக்கே லோடு அனுப்பிக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் மனைவி முத்துலட்சுமி அக்கா, மருமகள் செல்வி. ஒரு மத்தியானம் வாசலில் ஜீப் ஒன்று வந்து நின்றது. ஒல்லியாக ஒருவர் இறங்கினார். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வருவதாகவும், மாடியை வாடகைக்கு எடுத்து, கருவி வைத்துக் காற்றை அளக்க வேண்டும் என்றும் சொன்னார்.

“அளந்துக்கோங்க சார். காத்து சும்மாதான கெடக்கு,” என்றார் அண்ணாச்சி.

“கொஞ்சம் ஆ காட்டுங்க,” என்றார் வந்தவர்.

அண்ணாச்சி காட்டினார். ஏன் காட்டினோம் என்று பின்னாளில் எவ்வளவு யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை. வந்தவர் சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு டார்ச்சை எடுத்து உள்ளே அடித்துப் பார்த்தார்.

“கீழ் வரிசை, கடைவாய்ப் பல். வெள்ளி அடைச்சிருக்கீங்க. நீங்க மாடிக்கு வரக் கூடாது.”

“எங்க மாடிக்கா?”

“ஆமாங்க.”

பல்லில் அடைக்கிற வெள்ளியில் ஏறத்தாழப் பாதி பாதரசம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் அதிலிருந்து ஆவி கொஞ்சமாய்க் கசியும். அவர் அளக்க வந்ததோ வெளிக்காற்றில் கலந்திருக்கும் பாதரசத்தை. “ஒரு கல்யாண மண்டபம் நிறையக் காத்துல கண்ணுக்குத் தெரியாத துளிதாங்க அது. நீங்க பக்கத்துல நின்னு ஒரு கொட்டாவி விட்டா, விருதுநகர் ஜில்லாவே கெட்டுப்போச்சுன்னு என் மிஷின் சொல்லிடும்,” என்றார். அண்ணாச்சி கொட்டாவி வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடும் பழக்கம் அன்று தொடங்கியது.

டார்ச் அடித்து வாயைப் பார்க்கிறார் என்ற செய்தி தெருவில் பரவியதும், பல் டாக்டர் வந்திருப்பதாக முடிவு கட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் வாசலில் வீங்கிய கன்னங்கள் வரிசையாக நின்றன. அவர் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. ஒவ்வொருவரையும் ஆ காட்டச் சொல்லி, டார்ச் அடித்து, “சொத்தைதான். வெள்ளி மட்டும் அடைக்காதீங்க,” என்று சொல்லி அனுப்பினார். அவருடைய வைத்தியம் மொத்தமே அவ்வளவுதான். காசு வாங்கவில்லை, மருந்தும் தரவில்லை. ஆனால் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிவிட்டார். ஆ காட்டு சார் என்ற பெயரும் அந்த வரிசையில்தான் பிறந்தது.

என் வாயையும் பார்த்தார். “ஓட்டை இருக்கு. இன்னும் அடைக்கல. நீங்க மாடிக்கு வரலாம்.” அரசாங்கப் பரீட்சையில் தேறியது போல இருந்தது எனக்கு. ஆனால் முழு மதிப்பெண் வாங்கியது முத்துலட்சுமி அக்கா ஒருவர்தான். சொத்தை இல்லை, அடைப்பு இல்லை, ஆட்டம் இல்லை. “நீங்க எப்ப வேணும்னாலும் மாடிக்கு வரலாம்மா,” என்று அவர் சொன்னதை அக்கா தெருக்குழாயடியில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். “எங்க வீட்டு மாடிக்கு எங்க வீட்டுல எனக்கு மட்டுந்தான் பாஸ்.”

மாடியில் பாலைவனத்துக்குப் போகிறவர் மாதிரி ஏற்பாடு செய்திருந்தார். இரண்டு கம்பங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் கவிழ்த்து வைத்த புனல்; அதற்குள்ளே விரல் கனத்தில் ஒரு கண்ணாடிக் குழாய்; கீழே காற்றை இழுக்கும் சின்ன மோட்டார். குழாய்க்குள் தங்கம் பூசிய மணல். தங்கத்துக்குப் பாதரசத்தைக் கண்டால் விட மனசு வராது, ஒட்டிக்கொள்ளும். காற்றில் பறக்கும் தூசியோடு வரும் பாதரசத்தையும் விடக் கூடாது என்று குழாயின் வாயில் கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சு. பஞ்சு, மணல் எல்லாவற்றையும் சென்னையில் ஒன்றாகச் சூடாக்கி, கிளம்புகிற ஆவியை அளப்பார்கள்.

தங்கம் என்ற சொல் அண்ணாச்சியின் காதில் விழுந்த அன்று மாடிப்படிக் கதவுக்கு இரண்டாவது பூட்டு வந்தது.

“சார், எம்புட்டு தங்கம் இருக்கும்?” என்று கீழே நின்று கேட்டார்.

“கொசுவுக்கு மூக்குத்தி பண்ணலாம்,” என்றார் சார்.

பூட்டை அண்ணாச்சி எடுக்கவில்லை.

தினமும் காலையில் சார் சோப்புக் குமிழி விடுவார். மோட்டார் இழுக்கிற காற்றின் வேகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கோடு போட்ட கண்ணாடிக் குழலுக்குள் ஒரு சோப்புக் குமிழியை ஏற்றி, அது எவ்வளவு நேரத்தில் மேலே போகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்ப்பார். வயதான மனிதர் கையுறை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, குமிழியோடு கூடவே முகத்தை உயர்த்திக்கொண்டு போவதை எதிர்வீட்டிலிருந்து பார்த்தவர்கள், படித்தால் இப்படித்தான் ஆகும் என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள்.

எதற்கு இரண்டு மிஷின் என்று அக்கா ஒருநாள் கேட்டார்.

“ஒரு சாட்சி சொல்றதை நம்பக் கூடாதும்மா. ரெண்டும் ஒண்ணு போலச் சொன்னாத்தான் நம்புவேன்.”

“அப்ப அந்த மூணாவது குழாய்? மூடியத் தொறக்காமலே மேல கொண்டு போறீக, மூடியத் தொறக்காமலே கீழ கொண்டாறீக. அதுக்கு எதுக்கு இம்புட்டு மருவாதி?”

“அது கோயிலுக்குப் போயிட்டுச் சாமி கும்பிடாம திரும்புற ஆளு. அவன் நெத்தியில திருநீறு இருந்துச்சுன்னா, வழியில எவனோ பூசிவிட்டிருக்கான்னு அர்த்தம். அப்ப மத்த ரெண்டு பேர் நெத்தியையும் நம்ப முடியாது.”

அக்காவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. இந்த உரையாடலை நான் சொல் மாறாமல் நினைவில் வைத்திருக்கிறேன். பின்னால் நடந்தது அப்படி.

இதுவரை சிரிப்புதான். ஆனால் அந்தப் புரட்டாசியை நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சிரிப்பு இல்லை.

எங்கள் பக்கத்துப் பயத்துக்குச் சத்தம் உண்டு. தீபாவளிச் சீசனில் எங்காவது தூரத்தில் ‘தம்’ என்று கேட்டால் தெருவே அப்படியே நிற்கும். எந்தத் திசை, யார் கம்பெனி, நம் வீட்டு ஆள் எந்த வேனில் போயிருக்கிறான் என்று பார்த்து, புகையைத் தேடி, போன் அடித்து, இல்லை என்று தெரிந்த பிறகு மூச்சு விடுவோம். அந்தப் பயத்தோடு பழகியிருந்தோம். சார் கொண்டுவந்த பயத்துக்குச் சத்தம் இல்லை, புகை இல்லை, வாசனையும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது என்றே தெரியாது.

அதை முதலில் பிடித்துக்கொண்டவள் செல்வி. கல்யாணத்துக்கு முன்பு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள், வெடிமருந்தோடு புழங்கியவள், அவ்வளவு எளிதில் பயப்படுகிறவள் அல்ல. ஆனால் அப்போது அவள் மாசமாக இருந்தாள். முந்தைய வருஷம் ஒன்று தங்கவில்லை. இந்த முறை நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, பிரசவம் வரை கட்டிலை விட்டு எழக் கூடாது, பஸ், ஆட்டோ என்று எதிலும் குலுங்கக் கூடாது என்று விருதுநகர் டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். அவள் கட்டில் கிடந்த அறைக்கு நேர் மேலே மாடியில் சாரின் மோட்டார்கள். நாள் முழுக்க அவள் கேட்டுக்கொண்டு கிடந்தது அந்த முனகலைத்தான்.

ஒருநாள் ஜன்னல் வழியாக அவரைக் கேட்டாள். “சார், அந்தப் பாதரசம் ஒடம்புக்குள்ள போனா என்ன செய்யும்?”

அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. “பெரியவங்களை மெதுவாப் பாதிக்கும். வயித்துல இருக்கிற பிள்ளைக்கு மூளையில போய்…” என்று தொடங்கியவர், யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதை அப்போதுதான் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டார். அன்றைக்குக் குமிழி சரியாக ஏறவில்லை.

ஆயுத பூஜை வந்தது. சார் சென்னைக்குக் கிளம்பினார். விடுமுறை முழுவதும் ஓடும்படி இரண்டு கம்பத்திலும் புதுக் குழாய்களை மாட்டினார். மூன்றாவது குழாயை வழக்கப்படி மூடியோடு ஏற்றி இறக்கித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அக்காவிடம், “சிவப்பு விளக்கு எரியுதான்னு மட்டும் தினம் பாருங்கம்மா. தொடாதீங்க,” என்றார். “தொட மாட்டேன்,” என்று அக்கா சத்தியம் செய்தார்.

பூஜை முடிந்த மறுநாள் நல்ல மழை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அச்சகத்தில் காயவைத்த ஜனவரி மாதம் முழுக்க நனைந்துபோனது.

சார் திரும்பி வந்து, குழாய்களை இறக்கிச் சென்னைக்கு அனுப்பினார். சில நாள் கழித்து அவருடைய செல்போன் அடித்தது. மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். “ரெண்டுமா? ரெண்டும் ஒண்ணு போலவா?” என்றார். “மூணாவது? சுத்தமாவா?” என்றார். அண்ணாச்சி பக்கத்தில் போய் நின்று, மூக்கு உரசுகிற தூரத்தில் கொட்டாவி விட்டார். சார் கவனிக்கவில்லை. அப்போதுதான் எங்களுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

வழக்கமாக ஒற்றை இலக்கத்தில் வருகிற எண் அந்த முறை மூன்று இலக்கத்தில் வந்திருந்தது.

அவர் வைத்த சோதனைகள் எல்லாவற்றிலும் அந்த எண் தேறிவிட்டது. அதுதான் கொடுமை. இரண்டு சாட்சிகளும் ஒன்று போலச் சொன்னார்கள். சாமி கும்பிடாத மூன்றாவது ஆளின் நெற்றியில் ஒன்றும் இல்லை. குமிழி சரியாக ஏறியது. தப்பு என்று ஒதுக்க அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

காரணம் தேடி வீட்டையே கவிழ்த்தார். உடைந்த தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று பரண் வரை பார்த்தார். குப்பைத் தொட்டியில் ட்யூப்லைட் துண்டு கிடக்கிறதா என்று கிளறினார். கண்ணாடி முன்னால் நின்று தன் வாய்க்குள்ளேயே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டார். பாம்பு மாத்திரையில் அந்தக் காலத்தில் வெளிநாட்டில் பாதரச உப்பு போடுவார்களாம். அதை அண்ணாச்சியிடம் கேட்டார்.

“நம்ம பக்கம் அதெல்லாம் கெடையாது சார்,” என்றார் அண்ணாச்சி.

“இருக்குன்னு நான் சொல்லல.”

“இல்லைன்னும் சொல்ல மாட்டேங்கிறீகளே. சீசன் நேரம் சார். இங்கன காத்து வெசம்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா எத்தன அடுப்பு அணையும் தெரியுமா?”

“தெரியும். அதனாலதான் யார்கிட்டயும் சொல்லாம இருக்கேன். சொல்லாம இருக்கிறது சரியான்னும் தெரியல.”

ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துக் கேட்டார். “நான் இல்லாதப்ப மாடிக்கு யார் வந்தது?” அண்ணாச்சி, “பாஸ் இல்லையே சார்,” என்றார். நான் அச்சகத்தில் பூஜைக்குப் பொரி வாங்கிக்கொண்டிருந்தேன். அக்கா, “வெளக்கு எரியுதான்னு பாத்தேன். எரிஞ்சது. தொடலை,” என்றார். அவர் குரலில் ஒரு சின்ன நடுக்கம் இருந்தது. வீட்டில் எல்லார் குரலும் அப்படித்தான் இருந்தது. அதனால் யாரும் கவனிக்கவில்லை.

புதுக் குழாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவை சென்னைக்குப் போய்ப் பதில் வர நாளாகும். அதுவரை செல்வி அந்தக் காற்றைத்தான் மூச்சாக இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

“சார்,” என்று அவள் ஜன்னலில் கேட்டாள். “நல்ல காத்தா, கெட்ட காத்தா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“அந்த ஒரு வார்த்தைதாம்மா என்கிட்ட இல்ல.”

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று முழுக்க முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே கிடந்தாள். சாயங்காலம் அண்ணாச்சியைக் கூப்பிட்டுச் சொன்னாள். “மாமா, நான் மல்லாங்கிணத்துக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். அங்கன கம்பெனி இல்ல, காடுதான் கெடக்கு.”

“டாக்டரம்மா குலுங்கக் கூடாதுன்னு சொன்னாகளே தாயி. அந்த ரோட்டுல சல்லிய வேற கொட்டி வச்சிருக்கான்.”

“குலுங்குனா என்னான்னு எனக்குத் தெரியும் மாமா. ஒரு தடவ பாத்தாச்சு. இங்கன கெடந்தா என்னான்னு யாருக்குந் தெரியலயே.”

அண்ணாச்சி கார் பிடிக்கக் கிளம்பினார்.

மறுநாள் காலையில் வாடகைக் கார் வந்தது. டிரைவரிடம் நடக்கிற வேகத்தில்தான் போக வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். ஆ காட்டு சார் மாடியிலிருந்து இரண்டு கை நிறைய ஸ்பாஞ்சு கொண்டுவந்தார். கண்ணாடிக் குழாய்கள் உடையாமல் இருக்கப் பெட்டிக்குள் வெட்டி வைத்திருந்தது. மொத்தத்தையும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டார். பின்சீட்டில் பரப்பி, தானே ஏறி உட்கார்ந்து, குலுக்கிப் பார்த்து, இறங்கி, இன்னொரு அடுக்கு போட்டார். இனி குழாய்களை எதில் வைப்பீர்கள் என்று கேட்டேன். “குழாய் உடைஞ்சா உடையட்டும்,” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

செல்வியைத் தூக்காத குறையாக ஏற்றிப் படுக்கவைத்தார்கள். முத்துலட்சுமி அக்கா எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்து, மோதிர விரலால் செந்தூரத்தைத் தொட்டு, இடது ஹெட்லைட்டுக்கு மேல் ஒரு பொட்டு வைத்தார். சுற்றி வந்து வலது ஹெட்லைட்டுக்கு மேல் ஒரு பொட்டு. தள்ளி நின்று பார்த்தார். இடது பக்கம் சின்னதாகப் பட்டது போலிருக்கிறது. திரும்ப வந்து அதைக் கொஞ்சம் பெரிதாக்கினார். இப்போது இரண்டும் ஒரே அளவு.

ஆ காட்டு சார் அந்த இரண்டு பொட்டையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அம்மா,” என்றார் மெதுவாக. “ஆயுத பூஜைக்கு எதுக்கெல்லாம் பொட்டு வச்சீங்க?”

அக்காவின் முகம் வெளுத்தது. “எல்லாத்துக்குந்தான் சார். மிக்ஸிக்கு, தையல் மிஷினுக்கு, தண்ணி மோட்டாருக்கு.”

“மாடியில?”

“மாடியில…” என்றவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். “வீட்டுல உள்ள மிஷினுக்கெல்லாம் வச்சுட்டு ஒங்க மிஷினை மட்டும் மூளியா விட மனசு வரலை சார். புள்ளத்தாச்சி படுத்திருக்க எடத்துக்கு நேர் மேல ஓடுது. அதுக்கு ஒரு கொறையும் வந்துரக் கூடாதுல்ல?”

“எந்த இடத்துல வச்சீங்க?”

“மொகத்துலதான். புனலுக்குள்ள அந்தக் கண்ணாடி வாய் இருக்குல்ல, அங்கன.”

“ரெண்டுக்குமா?”

“ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம விடலாமா சார்? ரெண்டுக்கும் ஒண்ணு போலத்தான் வச்சேன்.”

“தொட மாட்டேன்னு சொன்னீங்களேம்மா.”

“தொடலையே. பொட்டுதான வச்சேன். அப்புறம் நீங்க வைவீகளேன்னு பயமாப் போச்சு. மழை விட்டதும் மேல போயி முந்தானையால சுத்தமாத் தொடச்சுட்டேன்.”

சார் அந்த டப்பாவை வாங்கி, மூடியைச் சாத்திவிட்டு, கைக்குட்டையில் சுற்றினார். அது அண்ணாச்சியின் மகன் வடக்கே லோடு இறக்கப் போனபோது ஒரு கோயில் வாசலில் வாங்கி வந்தது. அந்த மாதிரிச் செந்தூரத்தில் பாதரசம் கலந்திருப்பது உண்டு என்றார். ஈயமும் உண்டு. இரண்டும் இல்லாமல் வெறும் சாயமும் உண்டு. உள்ளே பாதரசம் இருந்தால், பஞ்சில் ஒட்டிய துளித் தூள் போதும், சென்னையில் சூடாக்கும்போது அந்த எண்ணைக் கொடுத்துவிடும். மூன்றாவது ஆள் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தான். அவன் நெற்றிக்கு அக்காவின் விரல் எட்டவில்லை. சாட்சிகளுக்கு வைத்த பரீட்சை எல்லாவற்றையும் அக்காவின் நியாய உணர்ச்சி ஒரே காலையில் வென்றிருந்தது.

காருக்குள்ளிருந்து செல்வி தலையைத் தூக்கினாள். “அப்ப நான் எறங்கவா சார்?”

அவரிடம் இருந்தது ஓர் ஊகம். டப்பாவைச் சோதிக்கவில்லை. புதுக் குழாய்களின் பதில் வரவில்லை. இரண்டு சாட்சி இல்லாமல் மழை பெய்கிறது என்றுகூடச் சொல்லாத மனிதர் அவர். காரின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது; செல்வி படுத்திருந்த சீட் அதற்கே மெல்ல அதிர்ந்தது. அவர் கண் அந்த அதிர்வில்தான் இருந்தது.

“எறங்கும்மா,” என்றார்.

ஒரே வார்த்தை. சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அவருக்கு அக்கா கொடுத்த காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவருடைய உண்மையான பயம் தொடங்கியது. நாள் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருப்பார். செல்வியின் ஜன்னல் பக்கம் வரும்போது மட்டும் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போவார். வாயைத் திறந்து அவர் பாடி நாங்கள் கேட்டது அந்த நாட்களில்தான். தீபாவளிக்கு முன்பே பதில் வந்தது. இரண்டு குழாயும் ஒற்றை இலக்கம், மூன்றாவது சுத்தம். செய்தியை முதலில் ஜன்னலில் போய்ச் சொன்னார். செல்வி மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள். பிறகு அவர் மாடிக்கு ஏறிப்போய், கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, எங்கள் காதில் விழும்படி ஒரு நீண்ட மூச்சு விட்டார். அப்போது ஓடிக்கொண்டிருந்த குழாய்களை, மூச்சுப் பட்டு வீணாகிப்போனவை என்று பிறகு தூக்கிப் போட்டுவிட்டதாகக் கேள்வி.

தை மாதம் செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் கோடையில் கருவிகளைக் கழற்றிக்கொண்டு போக சார் வந்தார். தலை நின்று, யாரைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டிருந்த குழந்தையைச் செல்வி வாசலில் வைத்திருந்தாள். சார் சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். “கொஞ்சம் ஆ காட்டுங்க,” என்றார். குழந்தை காட்டியது. உள்ளே ஒரு பல்கூட இல்லை. வெகுநேரம் பார்த்தார்.

“நீங்க மாடிக்கு வரலாம்,” என்றார்.

வாங்கிக்கொண்டு அவரே தூக்கிப் போனார்.

செந்தூர டப்பாவை முத்திரை வைத்துச் சென்னைக்கு எடுத்துப் போயிருந்தார். முடிவு வந்ததும் எழுதுவதாகச் சொன்னார். இரண்டு பொங்கல் வாழ்த்துகள் வந்தன. இரண்டிலும் அந்த முடிவு இல்லை. பிறகு அவருடைய முகவரி மாறிவிட்டது. ஆக, அந்த டப்பாவில் பாதரசம் இருந்ததா, அந்த மூன்று இலக்க எண் பொட்டிலிருந்து வந்ததா, அல்லது அந்தச் சில நாட்கள் மட்டும் எங்கள் தெருக் காற்றிலேயே வந்து போனதா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை. அவர் இறங்கச் சொன்னார், அவள் இறங்கினாள் என்பது மட்டும் நான் நேரில் பார்த்தது.

என் பல் ஓட்டை பெரிதாகிவிட்டது. டாக்டர் ஒவ்வொரு முறையும் வெள்ளி அடைக்கிறேன், வருஷக்கணக்கில் தாங்கும் என்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆ காட்டு சார் என்றைக்காவது திரும்பி வந்தால் மாடிக்கு ஏற வேண்டுமே.